பேர் வெட்டாத தட்டு

"பேர் எதுவும் வெட்ட வேண்டாம் அண்ணாச்சி, வெறும் தட்டாகவே வாங்கிக் கொடுங்கள்" என்று அன்று நான் சொன்னது சரிதானா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை. எங்கள் அரசுப் பள்ளிக்கு ஊர் மக்கள் சீர்வரிசைபோல ஊர்வலமாகப் பொருள் கொண்டுவந்து தந்த கல்விச்சீர் நல்லபடியாகவே முடிந்தது. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் பொருளும் பணமும் வந்தன. பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர்கள் எப்படி நடத்தினீர்கள் என்று விசாரிக்கும்போது, தேதி பார்த்தது, ரசீது போட்டது, ஊர்வலம் கிளம்பிய இடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். தட்டு விஷயத்தை மட்டும் சொல்வதில்லை. சொன்னால் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அண்ணாச்சி மேலத் தெருக் கோயில் கணக்கைப் பார்க்கிறவர். நான் போய்க் கேட்கவில்லை, அவராகவே என் அறைக்கு வந்தார். எங்கள் பள்ளியில் காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் பாதிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து தட்டு கொண்டு வருவார்கள். மறந்து வருகிறவர்கள் மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருப்பார்கள். தேவைப் பட்டியலில் முதலில் எழுதியிருந்ததே தட்டும் தம்ளரும்தான்.

"எல்லாப் பிள்ளையளுக்கும் எவர்சில்வர் தட்டும் தம்ளரும் எங்க ஊர்ப் பொதுவுல இருந்து தாரோம் டீச்சர். கோயில் கொடைக்கு வரி போட்டதுல மிச்சம் கெடக்கு. அடியில எங்க சமுதாயம் உபயம்னு சின்னதா வெட்டிருவோம். கடைக்காரரே வெட்டித் தந்துருவாரு."

சமுதாயத்தின் பேர் வேண்டாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"பாத்திரம் வாங்குனா பேரு வெட்டுவோம்லா? பேரு இல்லாத பாத்திரம் எங்க வீட்டுல கெடையாதே."

பிறகு என் முதுகுக்குப் பின்னால் இருந்த பீரோவைக் காட்டினார். எனக்கு முன்பே பல தலைமையாசிரியர்கள் பார்த்த பீரோ அது. கதவில் 'உபயம்' என்று போட்டு, ஒருவர் பேர், சாதிப் பட்டத்தோடு சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். "ஒரு ஆளு போடலாம், ஒரு ஊரு போடக்கூடாதா?" என்றார்.

அது பழையது, இனி வருவதில் அப்படி வேண்டாம் என்றேன். கொடுத்தவர் பேரை இருப்புப் பதிவேட்டில் எழுதுவேன், ரசீதும் தருவேன், பிள்ளை சாப்பிடுகிற தட்டில் மட்டும் வேண்டாம் என்றேன். "நாளைக்கு ஊர்க் கூட்டத்துல கேப்பாவளே" என்று சொல்லி எழுந்து போனார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. தட்டு போய்விட்டது, கூடவே அந்தத் தெருவும் போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு ஒரு நாள் போனில், "வாங்கியாச்சு டீச்சர். பேரு வெட்டல" என்றார். அவ்வளவுதான். ஏன் மனம் மாறினார், ஊர்க் கூட்டத்தில் என்ன சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பெரிய காரியம் ஒன்றைச் சாதித்துவிட்ட சந்தோஷத்தோடு இதைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியிடம் சொன்னேன். அவர் தெற்குத் தெரு. தெருவைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. பீடி சுற்றுகிறவர், பையன் நான்காம் வகுப்பு. மடியில் முறத்தை வைத்து இலை வெட்டிக்கொண்டே கேட்டவர், கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் டீச்சர் வேண்டாம்னு சொன்னிய? எங்க அம்மா காலத்துல அந்தத் தெருவுல தண்ணி கேட்டா கையைக் குவிச்சுத்தான் குடிக்கணும். சொம்பைத் தொட விட மாட்டாவ. இப்ப அவிய பேரு வெட்டுன தட்டுல எம்புள்ள சாப்புடட்டுமே. பேரோடயே சாப்புடட்டும்."

நான் எதுவும் பேசவில்லை. அவரும் அதற்கு மேல் சொல்லவில்லை. இலை வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் நான் இன்னும் நிற்கிறேன். என் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்டில் எங்கள் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில், பிளஸ் டூ படித்த ஒரு பையனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும், அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்களே சாதிவெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். இந்த மாவட்டத்தில் ஆசிரியராக இருக்கும் யாரும் அதற்குப் பிறகு பழைய மாதிரி வகுப்புக்குள் நுழைய முடியாது. அதையொட்டி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டி வரக்கூடாது, பள்ளிகளின் பெயரிலிருந்தே சாதி அடையாளத்தை எடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் ஏழாம், எட்டாம் வகுப்புப் பையன்களிடம் கயிற்றைக் கழற்றச் சொல்கிறவள் நான். அதே கையில், அடியில் சமுதாயப் பேர் வெட்டிய தட்டை எப்படிக் கொடுப்பேன்? இதை எத்தனை தடவை யோசித்தாலும் இதே இடத்துக்குத்தான் வருகிறேன். அன்றைக்கும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் தலைவி சொன்னதும் அதே அளவுக்குச் சரியாகத்தான் இருக்கிறது. தட்டில் பேர் இருந்தால் அது தெற்குத் தெருப் பிள்ளைகளுக்குக் குத்தும் என்று நான் நினைத்தேன். யாருக்காக நினைத்தேனோ அவருக்கு அது குத்தவில்லை. அந்தப் பேர் அங்கே இருக்க வேண்டும், அதன் மேல் சோறு போட்டுத் தன் பிள்ளை சாப்பிட வேண்டும் என்று அவர் விரும்பினார். குழுவுக்குத் தலைவியே அவர்தான். கூட்டத்தில் வைத்துப் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று அண்ணாச்சியிடம் நான் சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு அப்போதே பதில் சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. குழுவுக்குக் கொண்டு போனால் மேலத் தெரு உறுப்பினர்கள் ஒரு பக்கம், தெற்குத் தெரு உறுப்பினர்கள் ஒரு பக்கம் என்று சீருக்கு முன்பே பிளவு வந்திருக்கும். அந்தப் பழியை நான் ஒருத்தி ஏற்றுக்கொண்டது நல்லதுதான் என்றும் தோன்றுகிறது. இப்படி மாறி மாறி.

பணம் திரட்டுவது எங்கள் ஊர்களுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொடை விழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டு, மும்பையில் இருப்பவன், துபாயில் இருப்பவன் வரைக்கும் விடாமல் வசூலித்து, செலவுக் கணக்கைக் கூட்டத்தில் பைசா சுத்தமாக ஒப்படைக்கத் தெரிந்தவர்கள் இவர்கள். அரசுத் திட்டம் எதுவும் அந்த ஒழுங்குக்குப் பக்கத்தில் வராது. ஆனால் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு கோயிலுக்கு, ஒவ்வொரு சமுதாயத்துக்கு. 'ஊர்' என்று அண்ணாச்சி சொல்லும்போது அவர் சொல்வது அவருடைய ஊரை. எல்லாத் தெருவுக்கும் சேர்த்து ஒரு வரி என்பது இங்கே வழக்கத்தில் இல்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டுப் போட்டுவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அரசுப் பள்ளியில் அப்படிக் கட்டாயமாக வாங்கக்கூடாது என்று அதைத் தடுத்தேன். பிறகு எதை நம்பி வசூலுக்கு இறங்குவது? கல்விச்சீர்தான் வழி என்று தோன்றியது. கல்யாண வீட்டுக்கு, காதுகுத்துக்குச் சீர் கொண்டு போவது எல்லாத் தெருவிலும் உண்டு.

தேதிக்கு மட்டும் நிறைய யோசித்தோம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கென்று வெளியூரில் இருப்பவர்கள் எல்லாம் வந்து சேர்வார்கள். பிசான நெல் அறுவடையும் முடிந்து கையில் நாலு காசு இருக்கும். அதையொட்டி ஒரு நாளை வைத்துக்கொண்டோம். ஊர்வலம் எந்தக் கோயில் வாசலில் கிளம்பினாலும் இன்னொரு தெரு வராது. அதனால் பேருந்து நிறுத்தத்தில் சேர்ந்து அங்கிருந்து கிளம்பினோம். வாங்கியதற்கெல்லாம் அன்றன்றைக்கே ரசீது, பணம் மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில். வெளியூரில் நிறுவனம் நடத்தும் ஒரு முன்னாள் மாணவர், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகத் தருவதாகச் சொல்லி, அப்படியே தந்தார்.

அன்று மேளத்தோடு வந்த கூட்டத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. தலையில் பாய்க்கட்டை வைத்துக்கொண்டு ஒரு பாட்டி நடந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார என்று பத்தமடையில் சொல்லி வாங்கிய கோரைப்பாய். மின்விசிறி, நாற்காலி, சுவர்க் கடிகாரம், நோட்டுப் புத்தகம், ஒரு தட்டு நிறையப் பென்சில். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் இப்படித்தான் பெஞ்சும் கடிகாரமும் கொண்டுவந்து குவித்தார்களாம். அதை என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மைக்கில் பேர் வாசிக்கும்போது தொகையைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் தலைவிதான். ஐம்பது ரூபாய் கொடுத்தவரின் பிள்ளை அங்கே நிற்கும் என்றார். அகர வரிசையில் பேரை மட்டும் வாசித்தோம். மொய் வாசிப்பதுபோல் தொகையோடு வாசித்திருந்தால் இன்னொரு மடங்கு வந்திருக்கும் என்று சிலர் குறைப்பட்டார்கள். வந்திருக்கலாம். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் இங்கேதான் என் பேச்சு எனக்கே இடிக்கிறது. ஊர்வலம் எதற்கு? நாலு பேர் பார்க்கத்தானே. பார்க்க ஆள் இல்லையென்றால் அந்தப் பாட்டி பாயை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருப்பார். கொடுக்கிறவரின் பெருமையை நம்பித்தான் நாங்கள் சீரையே நடத்தினோம். பெருமையைத் தெருவில் நடக்கவிட்டு, பள்ளி வாசலில் வைத்துக் கழற்றிவிட்டு வா என்று அண்ணாச்சியிடம் மட்டும் சொன்னேன். தனி ஆளின் பெருமை வேறு, சமுதாயத்தின் பெருமை வேறு என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொள்கிறேன். அவருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பீரோவின் முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னாலும் அதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற சேரன்மகாதேவியை இந்த நேரத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் அங்கே நடத்திய குருகுலத்துக்குப் பலரும் நன்கொடை கொடுத்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, அதில் ஐயாயிரம் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனியாகச் சாப்பாடு என்ற செய்தி வெளியே வந்ததும், 1924, 1925-இல் அன்று காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வி தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. எல்லோரும் கொடுத்த பணத்தில் நடக்கும் பள்ளியில் தனிப் பந்தி எப்படி இருக்கலாம் என்பதுதான் அந்தக் கேள்வி. அப்போதும் சண்டை சாப்பாட்டுத் தட்டின் முன்னால்தான் வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் நான் செய்தது சரி என்று தைரியம் வரும். கொஞ்ச நேரத்தில் தலைவியின் குரல் கேட்கும். தனிப் பந்தியை எதிர்த்தவர்கள் கேட்டது ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதைத்தான். அவரும் அதைத்தானே கேட்டார்? யார் கொடுத்தது என்று தெரிந்தே, மறைக்காமல், ஒன்றாகச் சாப்பிடுவதை.

மறைக்கவும் முடியவில்லை என்பது ஜூனில் பள்ளி திறந்த பிறகு தெரிந்தது. காலை உணவு வரிசையில் ஒரு பையன் பக்கத்தில் நின்றவனிடம், "ஏல, இது எங்க தெருவுல வாங்கிக் குடுத்த தட்டுல்லா" என்றான். பக்கத்தில் நின்றது தலைவியின் பையன்தான், இப்போது ஐந்தாம் வகுப்பு. எனக்கு நெஞ்சு பக்கென்றது. அவன், "சரில, உப்புமா ஆறுது, நகரு" என்றான். இரண்டு பேரும் சேர்ந்தே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் யாரையும் கூப்பிட்டுக் கண்டிக்கவில்லை. எதற்கென்று கண்டிப்பது? சொன்னவன் குரலில் திமிர் இல்லை. எங்கள் வீட்டுப் பாயசம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான். அந்தப் பேச்சு எட்டாம் வகுப்பில் எப்படி மாறும் என்பதும் எனக்குத் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில்தான் வேலை செய்கிறேன். வெட்டாத பேரைப் பிள்ளைகள் படித்துவிட்டார்கள். வெட்டியிருந்தால் இதைவிட மோசமாகியிருக்குமா, இல்லை யாரும் கவனிக்காமலே போயிருக்குமா? இரண்டுக்கும் என்னால் காரணம் சொல்ல முடிகிறது.

இப்போது அண்ணாச்சி மறுபடியும் வந்திருக்கிறார். 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதியை அரசு போட்டு வகுப்பறை கட்டிவிடலாம், அந்த ஒரு பங்கைத் தங்கள் பொதுவிலிருந்தே தருகிறோம் என்கிறார். மழை பெய்தால் இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் அடைக்கிற பள்ளிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தலைமையாசிரியராக இருப்பவர்களுக்குத் தெரியும். பேரைப் பற்றி அவர் இந்த முறை வாய் திறக்கவில்லை. நான் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்.

குழுவில் வைத்துச் சொல்கிறேன் அண்ணாச்சி என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மாதக் கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை. வழக்கமாகத் தீர்மானத்தை நானே எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்குவேன். இந்தத் தடவை நோட்டைக் காலியாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு, முதலில் தலைவியைப் பேசச் சொல்லப் போகிறேன். சுவரில் அவர்கள் பேர் இருக்கட்டும் என்று அவர் சொன்னால் என் பதில் என்ன என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.