ராணி இல்லாத பெட்டிக்கு அடை மாற்றிய அனுபவம்

உச்சிப்புளிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் நான்கு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். எல்லாமே இந்தியத் தேனீ. பங்குனியில் ஒரு பெட்டியில் ராணி இல்லாமல் போய்விட்டது. முட்டையும் இளம்புழுவும் உள்ள அடையைப் பலமான பெட்டியிலிருந்து எடுத்து வைத்தால், அந்தப் பெட்டித் தேனீக்கள் தாமே புது ராணியை வளர்த்துக்கொள்ளும். அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் தொடங்கினேன்.

அடையை எடுத்தது பிற்பகல் மூன்று மணிக்கு. அதுவே முதல் தப்பு. கடல்காற்று அடிக்கிற அடியில் புகை நிற்கவில்லை, தேனீக்கள் கோபத்தோடு முகத்துக்கு வந்தன. அடையோடு எடுத்த மரச்சட்டம் ராணி இல்லாத பெட்டிக்குள் இறங்கவே இல்லை. மேல்கட்டை அரை விரல் கூடுதல் நீளம். அந்தப் பெட்டியை வேறு ஒருவரிடம் வாங்கியிருந்தேன். வாங்கும்போது, “எல்லாம் ஒரே அளவுதான் தம்பி, கண்ணை மூடிக்கிட்டு மாத்தலாம்” என்றார். நானும் அளந்து பார்க்கவில்லை. திருப்பியும் சாய்த்தும் பார்த்ததில் இருபது நிமிடம் வெயிலில் போயிற்று. கடைசியில் பழைய பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அந்தப் பெட்டியின் வாசல் பலகையில் வெள்ளைப் புழுக்கள் கிடந்தன. காய்ந்துபோனவற்றைத் தேனீக்கள் ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தன. எறும்பு வரிசை கட்டி வந்துவிட்டது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

பெட்டியை மாற்றிக்கொடுக்கச் சொல்லி பஸ் ஏறி ராமநாதபுரம் போனேன். “சட்டத்தை அரத்தால தேய்ச்சுக்கங்க” என்றதோடு அவர் பேச்சு முடிந்தது. தேய்த்தால் அது பழைய பெட்டியில் நிற்குமா என்று கேட்டேன், பதில் இல்லை. அரை நாள் வீண்.

தாமதம் செய்யவும் முடியாது. ராணியும் புழுவும் இல்லாமல் பல நாள் கிடந்தால் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிட ஆரம்பித்துவிடும். அதிலிருந்து வருவதெல்லாம் ஆண் ஈக்கள்தான். அப்புறம் அந்தக் கூட்டைத் தேற்றுவது கஷ்டம்.

ஐந்தாம் நாள், காற்று எழும்பும் முன் காலை ஏழரைக்குத் தொடங்கினேன். ராணி இல்லாத சின்னப் பெட்டியின் காலிச் சட்டத்தையும் நனைத்த வாழை நாரையும் தென்னை நிழலில் தயாராக வைத்துக்கொண்டேன். முதலில் பலமான பெட்டியில் அதன் ராணியைத் தேடினேன். மூன்றாவது அடையில் இருந்தது. அதைத் தொடாமல் நான்காவதை எடுத்துச் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தேன். அறைகளின் அடியில் அரிசிக் குருணைபோல முட்டைகள், பக்கத்தில் பாலில் மிதக்கும் குட்டிப் புழுக்கள். மூடிய அறைகள் மட்டும் உள்ள அடை இதற்கு உதவாது. பொரித்து மூன்று நாளுக்குள் உள்ள புழுவிலிருந்துதான் நல்ல ராணி வரும்.

தேனீக்களை இறகால் மெல்லத் தள்ளிவிட்டேன். சட்டத்தை உதறக் கூடாது. அடையைச் சட்டத்திலிருந்து அறுத்து, மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி காலிச் சட்டத்தில் பொருத்தி நாரால் கட்டினேன். தலைகீழாகக் கட்டிவிடாதீர்கள், அறைகள் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். ஈரத்துணி மூடி எடுத்துப் போய் சின்னப் பெட்டியின் நடுவில் வைத்தேன். மற்ற பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்காமலிருக்க வாசலை ஒரு விரல் அகலத்துக்குக் குறைத்தேன். சர்க்கரைப் பாகு சாயங்காலம் மட்டும்.

நான்காம் நாள் திறந்தேன். அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலைபோல இரண்டு ராணி அறைகள் தொங்கின. நாரைத் தேனீக்களே கடித்து வெளியே தள்ளியிருந்தன. அதன் பிறகு மூன்று வாரம் பெட்டியைத் தொடவில்லை.

நேற்றுக் காலை பார்த்தேன். அறைக்கு ஒரு முட்டை, சரியாக அடிநடுவில், நட்டுக்குத்தாக. ராணி கண்ணில் படவில்லை, ஆனால் ராணி இட்ட முட்டைதான் என்று தெரிய அது போதும் எனக்கு. இனி பெட்டிகள் எல்லாம் ஒரே ஆசாரியிடம், என் கையால் அளந்து கொடுத்த சட்டத்தை வைத்துத்தான்.