மூடி மூடித் தெரியவரும் உருவம்

மனித உருவத்தை உள்ளுணர்வின் போக்கில் வரைவது என்றதும், வண்ணத்தை அள்ளி வீசிவிட்டு வந்தது வரட்டும் என்று விடுவதாகவே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி வீசிய பலகைகளில் பெரும்பாலானவை பழுப்புச் சேறாகத்தான் முடியும். வண்ணம், காகிதம், கரித்துண்டு என்று பலவற்றை ஒரே படத்தில் சேர்க்கும் கலப்பு ஊடகத்தில் இந்த முறை பலிப்பதற்குக் காரணம் வேறு. இங்கே உருவத்தை யாரும் முதலில் வரைவதில்லை. பலகை முழுக்கக் கறையும் கோடும் காகிதமுமாக நிரப்புகிறோம். அதற்குள் ஓர் ஆளின் சாய்வைக் கண்டுபிடிக்கிறோம். பிறகு அந்த ஆளைச் சுற்றியுள்ளதை மூடிக்கொண்டே வருகிறோம். மூடாமல் விட்டது உருவமாகிறது. எதை மூடுவது, எதை விடுவது என்ற இடத்தில்தான் உள்ளுணர்வுக்கு வேலை.

அடித்தளத்துக்கு, இழுத்துக் கட்டிய கேன்வாஸைவிட மரப்பலகை நல்லது. காகிதம் ஒட்டும்போது ரப்பர் உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கும். கேன்வாஸ் உள்வாங்கும், பலகை அசையாது. பலகை இல்லையென்றால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) வாட்டர்கலர் காகிதத்தின் நான்கு ஓரங்களையும் டேப் போட்டுத் தடித்த அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். வண்ணம் பிடிப்பதற்காக முதலில் பூசும் வெள்ளை அடிப்பூச்சான ஜெஸ்ஸோ இரண்டு பூச்சு போதும்: முதல் பூச்சு கிடைவாட்டில், அது காய்ந்ததும் இரண்டாவது நெடுவாட்டில். பிறகு 220 எண் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. வழவழப்பாகிவிட்டால் கரித்துண்டு வழுக்கும், அதனால் நிறைய தேய்க்க வேண்டாம். நான்கைந்து பலகைகளை ஒன்றாகத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒன்று காயும் நேரத்தில் இன்னொன்றில் வேலை நடக்கும் என்பது ஒரு வசதி. அதைவிட முக்கியமானது, கையில் ஒரே பலகைதான் இருக்கிறது என்றால் அது கெட்டுவிடுமோ என்ற பயம் கையைக் கட்டிப்போட்டுவிடும்.

முதல் அடுக்குக்கு மூன்று அக்ரிலிக் வண்ணங்களும் வெள்ளையும் போதும். பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), அல்ட்ராமரீன் நீலம் என்ற கூட்டணி உருவ வேலைக்கு நன்றாக ஒத்துவரும். சியன்னாவும் நீலமும் சேர்ந்தால் அழகான அடர் சாம்பல் கிடைக்கும், நிழலுக்கு அதுவே போதும். ஆனால் ஈரத்தின் மேல் ஈரமாகப் பலகை முழுக்க ஓடவிட்டால் எல்லா இடமும் அந்தச் சாம்பலாகவே போய்விடும். ஒன்றைப் பூசி, அது காய்ந்தபின் அடுத்ததைப் பூசுவதுதான் சேற்றைத் தவிர்க்கும் வழி. மெல்லிய அக்ரிலிக் பூச்சு அரை மணி நேரத்துக்குள் தொடுமளவுக்குக் காய்ந்துவிடும். பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பு, ஸ்பாஞ்சு, நூல், பழக்கமில்லாத கை என எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். கால் மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் கை தன்னையறியாமல் அழகுபடுத்தத் தொடங்கிவிடும்.

காகிதம் ஒட்டுவதில் கவனம் தேவை. பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசையில் பல வகைகள் காய்ந்தபின்னும் ஈரம் பட்டால் இளகும். அதன் மேல் வண்ணம் பூசினால் காகிதம் கிளம்பி வரும். பளபளப்பில்லாமல் காயும் நிறமற்ற அக்ரிலிக் பிசினான மேட் மீடியம்தான் சரி. பலகையில் ஒரு பூச்சு, காகிதத்தின் பின்புறம் ஒரு பூச்சு, வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி, மேலே இன்னொரு பூச்சு. தடித்த காகிதம் ஈரத்தில் விரியும். ஒட்டிய பிறகு விரிந்தால் சுருக்கம் விழும் என்பதால், முன்கூட்டியே இரண்டு பக்கமும் ஈரமாக்கிச் சில நிமிடம் ஊறவிடுங்கள். கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தி, மீடியத்தைத் தடவி அழுத்தினால் படிந்துவிடும். பாதி காய்ந்த நிலையில் மட்டும் உரசாதீர்கள், மேற்பரப்பு உருண்டு திரளும். டிஷ்யூ காகிதம் இதற்கெல்லாம் விதிவிலக்கு: அதன் சுருக்கம்தான் நமக்கு வேண்டும், பின்னால் அது தோலின் மடிப்பாகவோ துணியாகவோ மாறிக்கொள்ளும். செய்தித்தாள் சில ஆண்டுகளில் மஞ்சளாகிவிடும். லேசர் அச்சுப் பிரதி ஈரத்தைத் தாங்கும், இங்க்ஜெட் பிரதி பெரும்பாலும் கசியும்.

இனிமேல் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய கட்டம். கறை படிந்த சுவரை உற்றுப் பார்த்தால் மலைகளும் போர்களும் முகங்களும் தெரியும் என்று லியொனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1925-இல் சர்ரியலிச ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் தரைப்பலகைகளின் மேல் தாளை வைத்துத் தேய்த்து, பதிந்த மர ரேகைகளிலிருந்து காட்டையும் விலங்கையும் எடுத்தார். கறை ஒரு யோசனையைத் தரும், ஆனால் எதையும் எப்படி முடிப்பது என்று கற்றுத்தராது என்ற எச்சரிக்கையும் லியொனார்டோவிடமே உண்டு. அந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பலகையை நான்கு திசையிலும் திருப்பி வையுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால் ஒளி, இருள் கட்டிகள் தனியாகத் தெரியும். இந்தக் கட்டத்தில் முகத்தைத் தேடாதீர்கள். இரண்டு புள்ளியும் ஒரு கோடும் கிடைத்தால் போதும், மூளை அதை முகமாக்கிவிடும். முகம் கிடைத்தவுடன் மற்ற எல்லாம் அதற்கு அடிமையாகும். உடம்பு ஒரு கழுத்துப்பட்டை அளவுக்குச் சுருங்கிப்போகும். தேட வேண்டியது சாய்வுகளை: தலையின் அச்சு, தோள்கோடு, இடுப்புக்கோடு. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று முரணாகச் சாய்ந்திருக்கும் இடம் எங்கே கிடைக்கிறதோ அங்கே ஓர் ஆள் நிற்கிறார். மூன்றும் இணையாக இருந்தால் கிடைப்பது பொம்மை.

சாய்வு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. எடையை ஒரு காலில் போட்டு நிற்கும்போது அந்தப் பக்க இடுப்பு மேலே ஏறும், அதே பக்கத் தோள் கீழே இறங்கும். கழுத்துக்குழியிலிருந்து ஒரு தூக்குநூல் விட்டால் அது எடை தாங்கும் காலின் கணுக்காலருகே விழும். இந்த ஒன்று சரியாக இருந்தால் கழுத்தை இரண்டு மடங்கு நீட்டலாம், தலையைச் சுருக்கலாம், ஒரு கையை இல்லாமலேயே விட்டுவிடலாம், ஆள் நிற்பார். இது தவறினால் தசை ஒவ்வொன்றையும் துல்லியமாகத் தீட்டியும் ஆள் சாய்ந்து விழுவார். பொது அளவுகளும் கைக்குள் இருக்கட்டும்: நிற்கும் உடல் சுமார் ஏழரைத் தலை உயரம், அதன் பாதி தொடைகள் பிரியும் இடத்தில், தொங்கவிட்ட கையின் மணிக்கட்டும் ஏறக்குறைய அங்கேதான், உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த நீளம், மோவாயிலிருந்து மயிர்க்கோடு வரை. தெரிந்து மீறிய அளவுக்கும் தெரியாமல் தவறிய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பவர் கண் உடனே பிடித்துவிடும்.

ஆகவே உள்ளுணர்வுக்குத் தீனி தினசரிப் பயிற்சியிலிருந்து வருகிறது. 30 வினாடி வரைவுகள் இருபது, 2 நிமிட வரைவுகள் ஐந்து, தாளைப் பார்க்காமல் வரையும் கோட்டோவியம் ஒன்று: அரை மணிக்குள் முடிந்துவிடும். கைக்கு நூறு தோரணை தெரிந்திருந்தால்தான் கறைக்குள் நூற்றொன்றாவது தோரணை கண்ணில் படும். இந்தப் பயிற்சி இல்லாமல் நேரே பலகைக்குப் போகிறவர்களுக்கு எல்லாக் கறையிலும் ஒரே பெண்முகம்தான் தெரிகிறது, பெரும்பாலும் முக்கால்வாசி திரும்பிய பக்கவாட்டில்.

சாய்வு கிடைத்ததும் கரித்துண்டால் நாலைந்து கோடு மட்டும். பிறகு மூடல். மூடும் வண்ணம் ஒளிபுகாததாக இருக்க வேண்டும். டிட்டானியம் வெள்ளையில் துளி ஓக்கரோ, மங்கிய பழுப்பான ரா அம்பரோ சேர்த்த வெளிர் நிறம் இதற்கு நம்பகமானது. ஸிங்க் வெள்ளை கீழே உள்ளதைக் காட்டிக்கொடுக்கும். தேலோ நீலத்தைச் சேர்ப்பதானால் மிளகளவு போதும், அதன் சாயவலிமை கலவையையே விழுங்கிவிடும். அகலமான தட்டைத் தூரிகையால், உருவத்தின் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக இழுங்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவே உள்ள முக்கோணம், இடுப்பில் ஊன்றிய கைக்குள் சிக்கிய வெளி, கால்களுக்கு இடையிலான ஆப்பு வடிவம் ஆகிய வெற்றிடங்களை முதலில் மூடுங்கள். கையை வரைவதைவிடக் கைக்குள் அடைபட்ட வெளியை வரைவது எளிது, சரியாகவும் வரும். கை எப்படியிருக்க வேண்டும் என்று மனத்தில் ஒரு முன்முடிவு இருக்கிறது, அந்த வெளிக்கு அப்படி எதுவும் கிடையாது.

சுற்றிலும் ஒரே அழுத்தத்தில் மூடிவிட்டால் உருவம் கத்தரித்து ஒட்டியதுபோல நிற்கும். புதியவர்களின் வேலையில் அடிக்கடி நேரும் கோளாறு இது. விளிம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பின்னணியோடு கரைய வேண்டும். எங்கே கரைப்பது? உருவத்தின் இருளும் பின்னணியின் இருளும் சந்திக்கும் இடத்தில், நிழல் பக்கத்து முழங்கையில், பாவாடையின் அடியில். ஒளி பக்கத்துத் தோளும் தாடைக்கோடும் தெளிவாக இருக்கட்டும்.

மூடும்போது ஓர் இடம் மட்டும் அற்புதமாக அமைந்துவிடும்: ஒரு துரு நிறக் கசிவு, ஒரு கிழிந்த காகிதத்தின் ஓரம். அதைக் காப்பாற்றுவதற்காக உடம்பையே வளைத்துப் போட்டுவிடுகிறோம். அந்த இடத்தின் மேல் ஒரு துண்டுத் தாளை வைத்து மறைத்துப் பாருங்கள். படம் மூச்சுவிட்டால் மூடிவிடுங்கள். கல் நெஞ்சம் வேண்டிய வேலைதான், ஆனாலும் செய்யத்தான் வேண்டும்.

முகத்தைக் கடைசியில் தொடுங்கள். கண்குழிகளின் நிழல், மூக்கடி நிழல், கீழுதட்டின் கீழ் நிழல் என மூன்று தீற்றல் போதும், ஆள் பார்ப்பார். கண்கள் தலையின் பாதி உயரத்தில் இருக்கின்றன. உச்சந்தலையைச் சுருக்கிவிடுவதுதான் வழக்கமான பிழை. தலை சாய்ந்தால் கண்கோடும் வாய்க்கோடும் சேர்ந்தே சாய வேண்டும். அமெரிக்க ஓவியர் வில்லெம் டி கூனிங் 1950-இல் ஒரு பெண்ணுருவத்தில் பத்திரிகை விளம்பரத்திலிருந்து வெட்டிய வாயை ஒட்டினார். சுற்றியுள்ள வண்ணமெல்லாம் அலைந்துகொண்டிருக்க, அந்த ஒரு நிலையான துண்டு முகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. புகைப்பட முகத்தை ஒட்டும்போது அது ஒட்டாமல் துருத்தி நின்றால், பெரும்பாலும் ஒளியின் திசைதான் காரணம். புகைப்படத்தில் ஒளி இடமிருந்து, உடம்பில் வலமிருந்து. பிரதியை இடவலமாகத் திருப்பி அச்சிட்டு ஒட்டி, மேலே மீடியத்தில் கரைத்த பர்ன்ட் சியன்னாவை ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சாக (கிளேஸ்) முகத்திலும் கழுத்திலும் சேர்த்து ஓட்டினால் இரண்டும் ஒரே தோலாகும். தோல் நிறம் கலக்கும்போது வேண்டியதைவிடச் சற்று வெளிறியதாகக் கலக்குங்கள். ஈரத்தில் பால்போல இருக்கும் அக்ரிலிக் பிசின் காய்ந்ததும் தெளிந்து, நிறம் இருண்டுவிடும்.

பொருள்களின் வரிசையில் மட்டும் உள்ளுணர்வுக்கு இடமில்லை. எண்ணெயும் மெழுகும் உள்ளவை எப்போதும் மேலே. ஆயில் பேஸ்டலின் மேல் அக்ரிலிக் பிடிக்காது. அன்றைக்கு நிற்பதுபோலத் தெரிந்தாலும் பிறகு உரிந்து வரும். நீரில் கரையும் பென்சில் கோட்டையும் கரித்துண்டுக் கோட்டையும் மூடுவதற்கு முன், கோடு கலையாமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் தெளித்துவிடுங்கள், காற்றோட்டமான இடத்தில். இல்லையென்றால் வெளிர் நிறங்களெல்லாம் அழுக்காகும். பல அடுக்குகளுக்குப் பிறகு பரப்பு வழுக்கி, கரித்துண்டு பிடிக்காமல் போனால் நிறமற்ற ஜெஸ்ஸோவை அந்த இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய பூச்சு தாருங்கள், சொரசொரப்பு திரும்பிவரும். வண்ணத்தை நிறைய தண்ணீர் விட்டு நீர்த்திருந்தால், காய்ந்தபின் ஓர் ஓரத்தை ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் பிசின் போதவில்லை. மேலே ஒரு பூச்சு மேட் மீடியம் கொடுத்துக் கட்டிவிட்டுத்தான் அடுத்த அடுக்கு.

முடிந்ததாகத் தோன்றியதும் பலகையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி ஒரு வாரம் வையுங்கள். மறுபடி திருப்பும்போது கண் முதலில் போய் முட்டும் இடத்தில்தான் மிச்ச வேலை இருக்கும், பெரும்பாலும் அது அளவுக்கு மீறிச் செதுக்கிய ஒரு கண்ணாகவோ விரலாகவோ இருக்கும். அதை வெளிர் நிறத்தால் பாதி மூடுங்கள். அக்ரிலிக் மட்டும் உள்ள படத்துக்கு இரண்டு வாரம் கழித்து வார்னிஷ் போடலாம். ஆயில் பேஸ்டல் கலந்திருந்தால் வார்னிஷ் வேண்டாம். ஆயில் பேஸ்டல் முழுதாக உலர்வதே இல்லை. படத்தின் மேல் படாதபடி இடைவெளி விட்டுக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துவிடுங்கள்.