வாசலில் மூன்று படி

ஜூலை 4, 2023

காலையில் கிளினிக். புளோக் வாசலில் மூன்று படி இறங்க வேண்டும். எதிர்வீட்டு அண்ணன் இரவு ஷிப்ட் முடிந்து அப்போதுதான் படுத்திருந்தார். அவரை எழுப்பி, மேல்மாடித் தம்பியையும் கூப்பிட்டு, சக்கர நாற்காலியோடு என்னை இறக்கினார்கள். "இதுல என்ன டீச்சர், கூப்பிட்டா வந்து தூக்கிவிடப் போறோம்" என்றார் அண்ணன். தங்கமான மனிதர். ஆனால் நான் எப்போது வெளியே போகலாம் என்பது அவருடைய தூக்கத்தைப் பொறுத்து இருக்கக் கூடாது. இரண்டு பேருக்கும் அது நியாயமில்லை.

ஜூலை 9

மூன்றாம் மாடி ஐயா வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், ஒரு காலையும் கொண்டுபோய்விட்டது. ஐந்து மாடி, லிப்ட் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மகனும் மருமகனும் படிப்படியாக இறக்குகிறார்கள். திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடிக்கும்போது ஐயா கண்ணை மூடிக்கொள்கிறார். முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் சீவியவர். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தவரை தரையோடு தரையாக நடமாடினார். தோட்டம் கைமாறி, மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் இந்த பிளாட்டுக்கு வந்தபோது குலுக்கலில் விழுந்தது மூன்றாம் மாடி.

ஜூலை 13

பிளாட் வீட்டு உரிமையாளர்களின் ஆண்டுக் கூட்டம் 30ஆம் தேதி என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இந்த முறை சும்மா இருப்பதாக இல்லை. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பொது வசதிகளையும் கட்டடங்களையும் பயன்படுத்தும் உரிமை எங்களுக்கு உண்டு என்கிறது. மீறினால் என்ன தண்டனை என்று அதில் இல்லை. அதை மட்டும் நம்பிப் போனால் கையை விரித்துவிடுவார்கள். அடுக்குமாடி வீடுகளின் நிர்வாகத்துக்கான 2013ஆம் ஆண்டு ஸ்த்ராத்தா நிர்வாகச் சட்டம்தான் கைகொடுக்கும். வீட்டு உரிமையாளர் யாராக இருந்தாலும், கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக எழுதிக் கொடுத்தால் தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லலாம். வாசலில் படிக்குப் பதில் ஏற சாய்தளம் வேண்டும் என்று இன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 16

பிளாட் நிர்வாகக் குழுத் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். "பணம் எங்கே இருக்கு டீச்சர்?" என்றார். பராமரிப்புக் கட்டணத்தோடு பத்து விழுக்காடு சிங்கிங் பண்டுக்கு, அதாவது பெரிய செலவுக்கான சேமிப்பு நிதிக்கு, என்று கட்டுகிறோமே, அது எதற்கு என்று கேட்டேன். பெயிண்ட் அடிக்க என்றார். பொது இடத்தை மேம்படுத்தவும் அதே பணத்தை எடுக்கலாம் என்று சட்டத்தில் இருக்கும் இடத்தைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "சரி, கூட்டத்துல பேசுவோம்" என்று எழுந்துவிட்டார்.

ஜூலை 18

கட்டுமானக் குத்தகைக்காரர் ஒரு வரைபடம் கொடுத்திருக்கிறார். இரண்டு மீட்டரில் சாய்தளம். பார்த்ததுமே வயிற்றைக் கலக்கியது. டியூஷன் பிள்ளைகளை அளக்கச் சொன்னேன். ஒரு படி 15 சென்டிமீட்டர், மூன்று படிக்கு 45. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பதுதான் கணக்கு. அப்படியென்றால் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இரண்டு மீட்டரில் ஏறினால் நாற்காலி பின்பக்கம் கவிழ்ந்துவிடலாம், பின்மண்டைதான் முதலில் தரையில் படும். சாய்தளம் கட்டியாச்சு என்று படம் எடுத்துப் போடலாமே தவிர, அதில் யாரும் ஏற முடியாது. ஐந்தாம் வகுப்புப் பையன் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, "டீச்சர், அப்போ மோட்டார் சைக்கிள் நிறுத்துற இடம் வரைக்கும் வருமே" என்றான். வரும். அங்கேதான் சண்டையும் வரும்.

ஜூலை 22

எனக்குக் கை தூக்குவேன் என்று சொன்னவர்களில் பாதிப் பேருக்குக் கட்டணப் பாக்கி! கூட்டத்துக்கு ஏழாம் நாள் முன்பு பாக்கி இருந்தால் ஓட்டு கிடையாது. அந்த ஏழாம் நாள் நாளைக்கு. மகள்காரிக்கு யூனிபோர்ம் வாங்கிய மாதம் கட்ட முடியாமல் போனவர்களிடம் நான் என்ன கேட்பது? கேட்டேன். சிலர் கட்டிவிட்டு ரசீதைக் காட்டினார்கள். நாலாம் மாடி அக்காவால் முடியவில்லை, கண் கலங்கிவிட்டார். வேண்டாம் அக்கா, கூட்டத்துக்கு வந்து உட்காருங்கள், அது போதும் என்றேன்.

ஜூலை 30

பாதிப் பேர்கூட வரவில்லை. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, சட்டப்படி வந்தவர்களை வைத்தே ஆரம்பித்தார்கள். எதிர்பார்த்தபடி மோட்டார் பிரச்சினை வெடித்தது. "ஒரு ஆளுக்காக எத்தனை மோட்டாரைத் தள்ளி நிறுத்துறது?" என்று ஒருவர் கேட்டார். நெஞ்சு படபடத்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு தாத்தா எழுந்தார். தோட்டத் தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக 1960இல் ம.இ.கா. தலைவர் சம்பந்தன் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது தன் அப்பாவும் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு கட்டியதைச் சொன்னார். "தோட்டத்தையே சேர்ந்து வாங்கினோம்யா. ஒரு பாதை போட முடியாதா?" அப்புறம் மலாய்க்கார அக்கா ஒருவர், பிள்ளை வண்டியைத் தினமும் தூக்கி இறக்கித் தன் இடுப்பு போனதைச் சொன்னார். கைதூக்கல் நடந்தது. தீர்மானம் நிறைவேறியது. 5.4 மீட்டர், கைப்பிடியோடு.

ஆகஸ்ட் 13

மோட்டாருக்குப் புது இடம் கோடு போட்டாகிவிட்டது. சிமெண்டு வேலை அடுத்த வாரம்.

மூன்றாம் மாடி ஐயாவுக்கு இந்தச் சாய்தளம் பாதிதான் உதவும். தரைத்தளத்தில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரர் ஈப்போவில். வாடகைக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா என்று இன்று போன் போட்டேன். மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். புதன்கிழமை திரும்பக் கூப்பிட வேண்டும்.