ஒன்று சுருங்கியது, ஒன்று வளர்ந்தது

இம்யூனோதெரபி, அதாவது நம் நோய் எதிர்ப்புச் செல்களை வைத்தே புற்றுநோயோடு சண்டை போடவைக்கும் சிகிச்சை, எடுத்துக்கொள்பவரின் வீட்டில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்கேன் முடிவு கைக்கு வந்த பிறகும் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

என் கணவருக்கு நான்காம் கட்ட நுரையீரல் புற்றுநோய். சிங்கப்பூரில் பல வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். திசு எடுத்து முதலில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணு மாற்றங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். ஆசியர்களிடம், அதிலும் புகைக்காதவர்களிடம், இஜிஎஃப்ஆர் மாற்றம் அதிகம். அது இருந்தால் பெரும்பாலும் மாத்திரையில்தான் ஆரம்பிப்பார்கள். இவர் ஒரு காலத்தில் சிகரெட் பிடித்தவர். இரண்டு மாற்றமும் இல்லை. ஆனால் பிடி-எல்1 என்ற புரதம் 50 சதவீதத்துக்கு மேலான புற்றுச்செல்களில் இருந்தது. அதனால் கீமோ இல்லாமல் பெம்ப்ரோலிசுமாப் மட்டும் போதும் என்றார் டாக்டர். கீட்ருடா என்ற பெயரில் வருகிற மருந்துதான் அது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், கையில் அரை மணி நேரம் ஏற்றுவார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்று டாக்டர் விளக்கியது இவருக்கு உடனே பிடித்துப்போனது. நம் உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களில் பிடி-1 என்று ஒரு பிரேக் இருக்கிறதாம். புற்றுச்செல் தன் பிடி-எல்1-ஆல் அதை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. மருந்து அந்த அழுத்தத்தை எடுத்துவிடுகிறது. "அப்புறம் வண்டி தானா ஓடணும், இல்லையா டாக்டர்?" என்றார் இவர். அதேதான். மருந்து நேரே கட்டியைத் தாக்குவதில்லை. நம் செல்கள்தான் போய்ச் சண்டை போட வேண்டும். அவை எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை. ஒரே ஆளின் உடம்பிலேயே நுரையீரலில் இருக்கிற புற்றுச்செல்லும் வேறு உறுப்புக்குப் போய்த் தங்கிய புற்றுச்செல்லும் கொஞ்சம் வேறுபட்டிருக்கலாம். பின்னால் வந்த குழப்பத்தைப் புரிந்துகொள்ள எனக்குக் கைகொடுத்தது இந்த விளக்கம்தான்.

சிகிச்சை ஆரம்பித்த பிறகு எடுத்த முதல் சிடி ஸ்கேன் முடிவை வாங்கப் போனபோது இருமல் நன்றாகக் குறைந்திருந்தது. நல்ல செய்தி என்றே நினைத்துப் போனோம். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். வலது நுரையீரல் கட்டி 46 மி.மீ. இருந்தது 29 ஆகியிருந்தது. நெஞ்சுக்குள் இருந்த நிணநீர்க் கணு 18-லிருந்து 11. மூச்சை விட்டேன். அடுத்தது, நோய் பரவியிருந்த இடது அட்ரினல் சுரப்பி: 14 இருந்தது 21. அதோடு இடது நுரையீரலில் 6 மி.மீ. அளவில் ஒரு புதுப் புள்ளி, என்னவென்று இப்போது சொல்ல முடியாது என்று அறிக்கையில் இருந்தது. கடைசி வரியில் 'மிக்ஸ்டு ரெஸ்பான்ஸ்'. கலவையான பலன்.

"நல்லதா கெட்டதா?" என்று நான் கேட்டேன். டாக்டர் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். ரெசிஸ்ட் என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. குறித்து வைத்த கட்டிகளின் அளவுகளைக் கூட்டுவார்கள். மொத்தம் 30 சதவீதமாவது குறைந்தால் பலன் இருக்கிறது என்று பொருள். இதுவரை கண்ட மிகக் குறைந்த மொத்தத்திலிருந்து 20 சதவீதமும், குறைந்தது 5 மி.மீ.யும் கூடினால் நோய் வளர்கிறது. இடையில் இருந்தால் 'நிலையாக இருக்கிறது'. எங்களுடையது 78-லிருந்து 61. சுமார் 22 சதவீதம் குறைவு. கணக்குப்படி நிலையாக இருக்கிறது. ஆனால் புதுக் கட்டி என்று உறுதியானால் மொத்தம் எவ்வளவு குறைந்திருந்தாலும் அது வளர்ச்சிதான்.

அந்த அளவுகோல் கீமோவை மனத்தில் வைத்து வந்தது. இம்யூனோதெரபியில் சில சமயம் நோய் எதிர்ப்புச் செல்கள் கட்டிக்குள் கூட்டமாகப் புகுந்து, கட்டி வீங்கி, பிறகு சுருங்கும். அதனால் ஆராய்ச்சிகளுக்காக 2017-இல் ஐரெசிஸ்ட் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். முதல் ஸ்கேனில் வளர்ச்சி தெரிந்தால் அதை 'இன்னும் உறுதியாகாதது' என்று வைத்துக்கொண்டு, நோயாளி நன்றாக இருந்தால் 4 முதல் 8 வாரத்துக்குள் மறுபடியும் படம் எடுத்துப் பார்ப்பார்கள். எங்கள் டாக்டரும் அந்த வழியில்தான் போகலாம் என்றார். ஆனால் ஒன்றை அழுத்திச் சொன்னார். இப்படிப் பொய்யாக வீங்குவது பத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் நடக்கும், அதை நம்பி உட்கார வேண்டாம், அட்ரினலில் இருப்பது உண்மையான வளர்ச்சியாகவும் இருக்கலாம். இதை மறைக்காமல் சொன்னதற்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் ஃபோன்கள். மன்னார்குடியிலிருந்து அவருடைய அண்ணன், ஜொகூர் பாருவிலிருந்து என் தங்கை, தேக்கா சந்தையில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்ளும் பழைய அக்கம்பக்கத்துக்காரர்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "குறைஞ்சிருக்கா, கூடியிருக்கா?" அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் "ரெண்டும்" என்று சொன்னால் அந்தப் பக்கம் சத்தம் நின்றுபோகிறது. அப்புறம் ஆரம்பிக்கும்: மருந்தை மாத்தச் சொல்லு, சென்னையில் ஒரு டாக்டர் இருக்கார், இந்தக் கஷாயத்தைக் கொடு. கஷாயம், மூலிகை மாத்திரை எதையும் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஈரல் பரிசோதனையில் மாற்றம் வந்தால் மருந்தாலா மூலிகையாலா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடும். இதைச் சொல்லியே பல ஃபோன்களை முடித்தேன்.

எனக்கு உண்மையில் உதவியது ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம். மகள் தொடக்கக் கல்லூரியில் மிச்சம் வைத்தது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரிசை போட்டேன்: வலது நுரையீரல், கணு, அட்ரினல், புதுப் புள்ளி. பக்கத்தில் ஸ்கேன் தேதி, அளவு, கடைசியில் 'டாக்டர் என்ன சொன்னார்'. அதுவரை மனசுக்குள் எல்லாம் ஒரே உருண்டையாக இருந்தது. வரிசை வரிசையாகப் பிரித்த பிறகு பயமும் பிரிந்தது. நுரையீரலுக்கு நான் கவலைப்பட வேண்டியதில்லை. கணுவுக்கும் இல்லை. புள்ளிக்குக் காத்திருக்க வேண்டும். அட்ரினலைப் பற்றித்தான் கேள்வி கேட்க வேண்டும். இதை எல்லோருக்கும் சொல்கிறேன்: கலவையான முடிவைக் கூட்டிக் கழித்து நல்லது, கெட்டது என்று ஒரு சொல்லில் அடைக்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு இடமாகக் கேளுங்கள்: இது என்ன, இதற்கு என்ன செய்யப்போகிறோம், எப்போது தெரியும்?

ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசத்தைப் பார்த்து நெஞ்சு படபடக்க வேண்டாம். மூச்சு பிடித்த விதம், படத்தின் வெட்டு, அளந்தவர் என எது மாறினாலும் அவ்வளவு வித்தியாசம் வரும். முடிந்தால் ஒரே இடத்திலேயே ஸ்கேன் எடுங்கள். பழைய படத்தோடு வைத்துப் பார்க்க அவர்களுக்கும் சுலபம்.

காத்திருந்த வாரங்களில் உடம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எடை, பசி, இருமல், மேம்பாலப் படி ஏறினால் நிற்கிறாரா. இம்யூனோதெரபி பிரிவில் இருந்த தாதி ஈப்போக்காரர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அக்கா, மூச்சு வாங்கினாலோ, வயித்தால போறது நிக்கலைன்னாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க, உடனே கூப்பிடுங்க" என்பார். நுரையீரலிலோ குடலிலோ அழற்சி வந்தால் சீக்கிரம் ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால்தான். இவருக்கு வந்தது தைராய்டு. ரொம்பச் சோர்வு, குளிர்கிறது என்றார். நோய் கூடிவிட்டதென்று இரண்டு பேரும் பேசாமலே பயந்துகொண்டிருந்தோம். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் ஏறியிருந்தது, அதாவது தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை. காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை, சில வாரத்தில் பழையபடி கீழே புளோக் அடியில் போய் உட்கார்ந்து நண்பர்களோடு பேச ஆரம்பித்தார்.

அடுத்த ஸ்கேனில் பதில் கிடைத்தது. புதுப் புள்ளி காணவில்லை. ஏதோ சின்ன அழற்சியாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். நுரையீரல் 27, கணு 10. அட்ரினல் 27. மொத்தம் 64, கணக்குப்படி இப்போதும் 'நிலையாக இருக்கிறது'. ஆனால் என் நோட்டில் அட்ரினல் வரிசை 14, 21, 27 என்று போகிறது. கிட்டத்தட்ட இரு மடங்கு. மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. டாக்டர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில் இவருடைய படத்தை வைத்தார்கள். வேறெங்கும் வளரவில்லை என்று பெட் ஸ்கேனில் உறுதி செய்த பிறகு முடிவு சொன்னார்கள்: நுரையீரலில் வேலை செய்கிற மருந்தை நிறுத்த வேண்டாம், வளர்கிற அந்த ஒரு இடத்துக்கு மட்டும் எஸ்பிஆர்டி, அதாவது குறி வைத்துக் கொடுக்கும் அதிகத் திறன் கதிர்வீச்சு.

அதற்கு முன்னேற்பாடுதான் அதிகம். அட்ரினல் சிறுநீரகத்துக்கு மேலே இருப்பதால் மூச்சு விடும்போது மேலும் கீழும் நகரும். அந்த அசைவையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். முதுகின் வடிவத்துக்கே உறைகிற மெத்தையில் படுக்க வைத்து, தோலில் குறி போட்டார்கள். கதிர்வீச்சு ஐந்து தடவையில் முடிந்துவிட்டது. வலி இல்லை, குமட்டலும் அசதியும் கொஞ்ச நாள் இருந்தன. ஒரு அட்ரினல் போனாலும் மற்றது ஈடுகட்டும் என்றார்கள், ஆனாலும் காலையில் எடுக்கும் ரத்தத்தில், அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது அதுவும்தான். 2022 செப்டம்பரிலிருந்து, சிங்கப்பூரின் தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், வெளிநோயாளிப் புற்றுநோய் மருந்துகளுக்கு, சுகாதார அமைச்சின் பட்டியலில் இருந்தால்தான் பணம் கொடுக்கும். எந்த நோய்க்கு, எந்த நிலைக்கு என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மாத வரம்பு மருந்துக்கு மருந்து மாறும். நம் சொந்த மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்தும் மருந்தைப் பொறுத்து மாதம் 600 அல்லது 1,200 வெள்ளி வரை எடுக்கலாம். அதனால் மருந்தை மாற்றலாம் என்ற பேச்சு வந்தவுடனே, புது மருந்து பட்டியலில் இருக்கிறதா, கையிலிருந்து எவ்வளவு போகும் என்று கேட்டுவிடுங்கள். மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்கத் தயங்காதீர்கள். எங்களுக்கு யாரிடம் எந்தத் தாளைக் கொடுப்பது என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

இப்போது நுரையீரல் 26-இல் நிற்கிறது. அட்ரினல் 25. கதிர்வீச்சு கொடுத்த இடம் உடனே சுருங்காது, செத்த திசுவே கட்டியாகத் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் இந்த முறை பதறவில்லை. மன்னார்குடி அண்ணனும் இப்போதெல்லாம் "அந்த அட்ரினல் எப்படிம்மா இருக்கு?" என்றுதான் கேட்கிறார். அடுத்த ஸ்கேன் தீபாவளிக்கு முந்தின வாரம் விழுந்தது. பண்டிகை முடிந்து எடுக்கலாமா என்று கேட்டோம். ஒரு வாரம் தள்ளினால் பரவாயில்லை என்று டாக்டர் உடனே மாற்றிக் கொடுத்தார். ஸ்கேனுக்கும் முடிவு சொல்லும் நாளுக்கும் நடுவில் இரண்டே நாள் இருக்கும்படியும் வாங்கிக்கொண்டோம். கேட்டால் செய்து தருகிறார்கள். நீங்களும் கேளுங்கள்.