வைரஸ் அடங்கியும் எரிச்சல் அடங்காத பாதங்கள்

எச்ஐவிக்கு மருந்து எடுத்து, வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்துகொண்டிருந்த காலத்தில்தான் என் பாத எரிச்சல் தாங்க முடியாமல் போனது. போர்வை பட்டாலே எரியும். செருப்பு கழன்று போனாலோ தெரியாது. எச்ஐவி கூட்டு மருந்து சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் சொன்னால், "சிடி4 நல்லா இருக்கு, கவலைப்படாதீங்க" என்று எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையைக் காட்டுவார்கள். கேட்டுக் கேட்டு நரம்பு மருத்துவருக்கு ஒரு சீட்டு வாங்கினேன்.

அவர் முதலில் மற்ற காரணங்களைத் தேடினார். சர்க்கரை, வைட்டமின் பி12 குறைவு, குடிப்பழக்கம், காசநோய்க்கு எடுத்த ஐசோநியாசிட் மாத்திரை என எல்லாவற்றையும் விசாரித்தார். ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்தார். அதிர்வு லேசாகத்தான் தெரிந்தது. நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் சோதனையில் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த இடத்தில்தான் பலரை 'மனப்பிரமை' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சோதனை பருமனான நரம்பிழைகளைத்தான் அளக்கும், எரிச்சலைக் கடத்தும் மெல்லிய இழைகள் கெட்டிருந்தால் அதில் தெரியாது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி.

வைரஸ்தான் நரம்பைத் தின்கிறது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். எச்ஐவி நரம்பணுவுக்குள் புகுவதில்லை. உணர்வு நரம்புகளின் அணுக்கள் முதுகெலும்பை ஒட்டிச் சிறு முடிச்சுகளாக இருக்கின்றன. அங்கேயும் நரம்பின் நெடுகிலும் மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பு அணுக்கள் வந்து குவிகின்றன. அவை சுரக்கும் டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின் போன்ற அழற்சிப் பொருள்கள் நரம்பை உசுப்பி, நாளடைவில் சிதைக்கின்றன. திருடனைப் பிடிக்க வந்த காவல்காரன் வீட்டையே அடித்து நொறுக்குகிற கதைதான். வைரஸின் மேலுறையிலுள்ள ஜிபி120 புரதமும் சும்மா இருப்பதில்லை. மருந்தால் வைரஸ் அடங்கினாலும் இந்த அணுக்களின் கொதிப்பு முழுதாக அடங்குவதில்லை. பாதம் வரை ஓடும் நரம்புகள்தான் உடலிலேயே நீளமானவை என்பதால் அவற்றின் நுனிதான் முதலில் கருகும்.

என் விஷயத்தில் இன்னொரு பங்காளியும் உண்டு: ஸ்டாவுடின். 2004-இல் இந்தியாவில் அரசு இலவச ஏ.ஆர்.டி. தொடங்கிய காலத்தில் பரவலாகக் கொடுத்த மாத்திரை அது. நானும் சில வருடம் விழுங்கினேன். உயிரைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் நரம்பணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கும். 2009-இல்தான் உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. என் காலில் எது எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

சரி, வைத்தியம்? போன நரம்பை மீட்க மருந்து இல்லை. நரம்பு வலிக்கு வழக்கமாகத் தரும் அமிட்ரிப்டிலினும் ப்ரீகாபலினும் எச்ஐவி நரம்பு வலிக்கான ஆய்வுகளில் வெற்று மாத்திரையைவிட மேலாக நிற்கவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. கபாபென்டின் என்ற இன்னொரு நரம்பு வலி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தோம். எரிச்சல் இருக்கிறது, ஆனால் இரவில் தூக்கம் வருகிறது. எரிச்சலுக்குப் பயந்து ஏ.ஆர்.டி.யை மட்டும் விட்டுவிடாதீர்கள், வைரஸ் மறுபடி தலைதூக்கினால் அந்த மேக்ரோஃபேஜ்களுக்குத்தான் கொண்டாட்டம் என்றார். விடவில்லை.