இரு தரப்பையும் எழுதிவிட்டால் போதுமா?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட பின், காணாமற்போன மீனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அரசு ஓர் எண்ணிக்கையைச் சொன்னது. கடற்கரை ஊர்களின் கத்தோலிக்கத் தேவாலயப் பங்குகள் வேறோர் எண்ணிக்கையைச் சொல்லின. பல செய்திகள் இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் போட்டுவிட்டு அத்துடன் நின்றுகொண்டன. இதை நடுநிலை என்று என்னால் ஏற்க முடியவில்லை. எண்ணிக்கை என்பது ஆளுக்கொரு கருத்து அன்று. விசாரித்தால் தெரியவரக்கூடிய ஒன்று.

கணக்கு ஏன் வேறுபட்டது என்பதே பெரிய செய்தி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் ஆழ்கடல் விசைப்படகுகளில் பல கொச்சியிலிருந்து தங்குகடலுக்குச் செல்பவை. போனால் கரை திரும்ப வாரக்கணக்காகும். எச்சரிக்கை வந்த நேரத்தில் அவை கைபேசி எட்டாத தொலைவில் இருந்தன. ஒரே படகில் குமரிக்காரரும் கேரளத்தவரும் வடமாநிலத் தொழிலாளியும் இருப்பார்கள் என்பதால், யார் எந்த மாநிலப் பட்டியலில் சேருவார் என்ற குழப்பம் வேறு. உயிர் தப்பியவர்களில் சிலர் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் கரையேறியதால் கணக்கு நாளுக்கு நாள் மாறியது. படகின் பெயர், அதில் போனவரின் பெயர், அவருடைய வீடு என்று வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்த செய்தியாளர் எந்தப் பக்கமும் சாய்ந்தவர் ஆகமாட்டார்.

அந்தப் பட்டியலில் ஒரு பெயர் விடுபடுவது சிறிய விஷயம் அன்று. காணாமற்போனவர் ஏழு ஆண்டுகள் கழிந்த பிறகே இறந்தவராகக் கருதப்படுவார் என்பது பொதுவான சட்டநிலை. அதைத் தளர்த்தி, தமிழக அரசு குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் வழங்கியது. பெயர் இல்லாத வீட்டுக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும்.

டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் மக்கள் தண்டவாளத்தில் அமர்ந்து போராடினார்கள். அந்தச் செய்தியை நின்றுபோன ரயில்களிலிருந்து தொடங்கலாம். ஒரு வாரமாகியும் கரை திரும்பாதவர்களிலிருந்தும் தொடங்கலாம். இரண்டிலும் பொய் இல்லை, ஆனால் முதல் வரியைப் படித்ததுமே வாசகர் யாருக்காகக் கவலைப்படுவார் என்பது முடிவாகிவிடுகிறது. கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கத்தில் தமிழ்ச் சேனலையும் மலையாளச் சேனலையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் வீடுகள் ஏராளம். அவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. பயணிகளின் அவதியையும் எழுதத்தான் வேண்டும்; ஆனால் அந்த மக்கள் தண்டவாளத்துக்கு வந்த காரணத்தைக் கடைசிப் பத்திக்குத் தள்ளிய செய்தியை, இரு தரப்பும் அதில் இருக்கிறது என்பதற்காக மட்டும் நான் நேர்மையானது என்று சொல்லமாட்டேன்.