நான்காவது பைட்

“போன்ல நல்லா தெரியுதே தம்பி” என்று அவர் சொன்னபோது, “தெரிஞ்சாலும் கோப்பு பழுதுங்க ஐயா, வேற படம் கொண்டுவாங்க” என்று நான் பதில் சொன்னேன். மஸ்கெலியாவிலிருந்து நோர்வூட் வழியாகப் பஸ் ஏறி அட்டனுக்கு வந்திருந்த அவர், மழை ஈரம் படிந்த கைபேசியைச் சட்டையில் துடைத்து மறுபடியும் நீட்டினார். மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் தானே எடுத்த படம் அதில் இருந்தது. நான் வாங்கிப் பார்க்கவில்லை.

புலமைப்பரிசில் விண்ணப்பங்களோடு வரும் கோப்புகளை, அவற்றின் பெயரை நம்பாமல், முதல் பைட்களை, அதாவது கணினி எண்களாகச் சேமிக்கும் மிகச் சிறிய அலகுகளை, படித்து இனங்காணும் நிரலை நான்தான் எழுதியிருந்தேன். அது தேவையான வேலை என்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை. வேர்ட் கோப்புக்கு ஜேபெக் என்ற படக் கோப்பு வகையின் பெயர் மாற்றி அனுப்பியவர்கள் இருந்தார்கள். இன்றைய வேர்ட் கோப்பு உள்ளே ஒரு ஸிப், அதாவது சுருக்கிக் கட்டிய பொதி, என்பதால், பதினறும எண்களில் (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை) 50 4பி 03 04 என்ற தொடக்கமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பிடிஎஃப் என்றால் 25 50 44 46. ஜேபெக்குக்கு நான் எழுதியது எஃப்எஃப் டி8 எஃப்எஃப் இ0 என்ற நான்கு பைட்கள். என் கணினியிலிருந்த மாதிரிப் படங்கள் அனைத்தும் அப்படித்தான் தொடங்கின.

ஆனால் ஜேபெக்கை இனங்காண முதல் மூன்றே போதும். நான்காவது, அடுத்து வரும் பகுதி எது என்பதைத்தான் சொல்கிறது: ஜேஃபிஃப் என்ற வழக்கமான ஜேபெக் வகை என்றால் இ0, கமராக்கள் படத்தோடு எழுதும் எக்ஸிஃப் என்ற தகவல் பகுதி என்றால் இ1. நிராகரிக்கப்பட்டவற்றைச் சில நாட்கள் கழித்து ஒவ்வொன்றாகப் பதினறும எண்களில் திறந்தபோது, மீண்டும் மீண்டும் இ1 வந்தது. இரண்டு பைட் தள்ளி, எக்ஸிஃப் என்ற சொல்லே 45 78 69 66 என்று எழுதப்பட்டிருந்தது. கொமியூனிகேஷன் கடையில் காசு கொடுத்து ஸ்கான் செய்தவர்களின் படங்கள் தேறியிருந்தன. சொந்தக் கைபேசியில் எடுத்து அப்படியே அனுப்பியவர்களைத்தான் என் நிரல் திருப்பி அனுப்பியிருந்தது.

கடுமையாகச் சோதிப்பது தப்பில்லை, நாளைக்கு ஒருவன் வைரஸை அனுப்பினால் யார் பொறுப்பு என்று உடன் வேலை செய்யும் அண்ணன் கேட்டார். அது நியாயமான கேள்விதான். ஆயினும் அந்த ஒரு பைட் எந்த வைரஸையும் தடுத்திருக்காது. முதல் பைட்களை எவரும் போலியாக எழுதிவிடலாம். மாதிரிகளுள் ஒரு கைபேசிப் படத்தையாவது சேர்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், பிறகு, கொடுத்த அவகாசத்தில் அதற்கு நேரம் எங்கே இருந்தது என்றும் நினைக்கிறேன்.

பிழையைக் கண்டுபிடித்த அதே காலையில், நான் நிரலைத் திருத்துவதற்கு முன்பே, அவர் ஸ்கான் பிரதியோடு திரும்பி வந்தார். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. “அந்தப் படத்துல என்னங்க பழுது?” என்று அவர் கேட்டார். தப்பு எங்கள் பக்கம் என்று சொல்ல மூன்று சொற்கள் போதும். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது உண்மைதான், ஆனால் அந்த மூன்று சொற்களுக்கு இடமில்லாத அளவுக்கு அது நீளமாக இருக்கவில்லை.

“வெளிச்சம் போதலைங்க ஐயா” என்றேன்.

“ஆமா தம்பி, எங்க லயத்து வீட்டுல வெளிச்சம் கம்மிதான்” என்று சொல்லிவிட்டு, கைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் போனார்.